நாய் கடித்தால் சீலம் உடையுமா?



2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நம் சங்கத்தார் எழுவர் புத்தகயைக்கு யாத்திரை சென்று, திரும்பும் வழியில் கல்கத்தாவில் நான்கு நாட்கள் தங்கினோம். 2001ஆம் ஆண்டு முதல் அந்நகரைக் கொல்கத்தா என்று எழுதுகின்றனர். நம் நாவுக்குப் பழகியது கல்கத்தாவே. அங்கே காலேஜ் சதுக்கத்தில் அநகாரிக தருமபாலரின் மகாபோதி சங்கம் 1920ஆம் ஆண்டு திறந்த தர்மராஜிக சைத்திய விகாரை இருக்கிறது. அவ்விகாரையில் பேணப்படும் புத்ததாது, அந்நாளைய சென்னை மாகாணத்துப் பட்டிப்புரோலுவில் கிடைத்ததாகும். நம் நாட்டிலிருந்து போன செல்வத்தை அந்நியர் போல நின்று வணங்கிவிட்டு வந்தோம்.

இரண்டாம் நாள் மாலை, வந்தனை முடிந்து படியில் அமர்ந்திருந்தபோது, தமிழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும். லேக் மார்க்கெட்டுப் பக்கம் குடியிருப்பவர்; ஒரு கம்பெனியில் கணக்கர். பஞ்சசீலம் ஏற்று ஆறு ஆண்டுகள் ஆயின என்றார். சற்று நேரம் ஊர் பேச்சுப் பேசிவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஐயா, எங்கள் வீட்டு நாய் நேற்று முன்தினம் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டது. நான் ஏவவில்லை. ஊரில்கூட இல்லை. என் முதற்சீலம் உடைந்ததா?"

நாய், ராட்வைலர் என்னும் சாதியைச் சேர்ந்தது. இரண்டாம் மாடியில், பால்கனிக் கம்பியில் கட்டிக் கிடப்பது. கடிபட்டவள் அவ்வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மையாரின் ஒன்பது வயது மகள். பள்ளி விடுமுறை ஆதலால் தாயுடன் வந்தவள், உலர்த்திய துணியை எடுக்கப் பால்கனிக்குப் போயிருக்கிறாள். முன்கையில் இரண்டு இடங்களில் பல் பதிந்து சதை கிழிந்தது.

நாம் படித்த படிப்பு ஆலைவாசலில் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்த படிப்பு. ஆயினும் இதற்கு விடை தெரியும் என்று எண்ணி, ஆசிரியரைப் போல விளக்கினோம். பாணாதிபாதம் நிகழ ஐந்து உறுப்புகள் வேண்டும்: உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் சாவு நேர்தல். உம்மிடத்தில் எண்ணமும் இல்லை, முயற்சியும் இல்லை, சாவும் நேரவில்லை. ஆகவே சீலம் உடையவில்லை என்றோம். அவர் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டார். நமக்கும், சொல்வதற்கென்ன, சற்றுப் பெருமையாகவே இருந்தது.

அருகில் ஒரு வயோதிக வங்காளப் பிக்கு தூண் ஓரம் அமர்ந்திருந்தார். என்ன பேச்சு என்று இந்தியில் கேட்டார். கணக்கர் முழுவதையும் சொன்னார். பிக்கு சீலத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குழந்தைக்கு ஊசி போட்டார்களா?"

கணக்கருக்குத் தெரியவில்லை. ஐந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பியதாக அவர் மனைவி சொன்னாராம். அதன்பின் அந்த அம்மையார் வேலைக்கு வரவில்லையாம். இரண்டு நாட்களாகத் தம் சீலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர், குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. ஐந்து உறுப்புகளை ஒப்பித்த நாமும் கேட்கவில்லை. அன்பர்களே, அந்தப் படியில் அமர்ந்து நாம் பட்ட வெட்கத்தை இக்கட்டுரையால் தீர்த்துக்கொள்ள இயலாது.

நாய்க்கடி எத்தகையது என்பதை முதலில் அறியவேண்டும். வெறிநோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் இருந்து புண்வழியே புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி ஊர்கிறது. வாரங்களோ மாதங்களோ செல்லும். நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தபின் பிழைத்தவர் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆனால் கடித்தவுடன் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசியை நாள் தவறாமல் போட்டுக்கொண்டால், ஆழமான கடிக்குப் புண்ணிலேயே போடும் எதிர்ப்புமருந்தும் சேர்ந்தால், நோய் வாராமல் தடுக்கலாம். 1885ஆம் ஆண்டு பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் போட்ட ஊசியின் வழிவந்த அறம் இது. இன்று அரசு மருத்துவமனைகளில் காசின்றிக் கிடைக்கிறது. அப்படி இருந்தும் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் என்று புண்ணில் அப்பிக்கொண்டு வீட்டில் இருப்போர் எத்தனை பேர்! 2024ஆம் ஆண்டில் இந்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 37 இலட்சத்துக்கு மேல் எனப் பாராளுமன்றத்தில் கூறப்பட்டது. பதிவாகாதவற்றை யார் எண்ணுவது?

அவ்விரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் அக்குழந்தை மட்டுமன்று. நாமும் ஒரு நாய் வளர்த்தோம்.

1994ஆம் ஆண்டு. பஞ்சாலையில் ரிங் பிரேம் ஓட்டிக்கொண்டு, லைன் வீட்டில் குடியிருந்தோம். சைக்கிள் திருட்டு மிகுந்த காலம். ஒரு குட்டியைக் கொண்டுவந்து, டைகர் என்று பெயரிட்டு, மூன்றடிச் சங்கிலியில் வாசலில் கட்டினோம். பகல் முழுவதும் வெயிலில் கிடந்தது. போகிற வருகிற பிள்ளைகள் கல்லெறிந்தார்கள், அது குரைத்து எகிறுவதைக் கண்டு நாமே சிரித்து, "பார்த்தாயா, எவ்வளவு ரோஷம்!" என்று பெருமை பேசினோம். இரவில் அவிழ்த்துவிட்டோம். ஒருநாள் மூன்றாம் ஷிப்டு முடிந்து வந்த நம்முடைய பக்கத்துப் பிரேம்காரரின் ஆடுசதையை அது கவ்வியது. அந்நாளில் அரசு மருத்துவமனையில் கொப்பூழைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அவர் பதினான்கு நாளும் சம்பளம் இழந்து நடந்தார். நாம் கூறியது என்ன? "இருட்டில் விளக்கில்லாமல் ஏன் வந்தாய்?" என்றோம். ஒரு காசு கொடுக்கவில்லை. மறுநாள் டைகரைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து, ஊருக்கு வெளியே ரயில் பாதை ஓரம் விட்டுவிட்டு வந்தோம். அதற்கு முன் அதை அடித்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அது பின்னர் என்ன தின்றது, யாரைக் கடித்தது, எப்படிச் செத்தது என்பதை நாம் அறியோம். அந்தத் தோழர் மேலும் இரண்டு ஆண்டுகள் நம் பக்கத்துப் பிரேமிலேயே வேலை செய்தார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

அந்த நாளிலும் ஐந்து உறுப்புகளை வைத்துப் பார்த்தால் நம் முதற்சீலம் உடையவில்லைதான்.

நிற்க. சீலம் என்பது வழக்குமன்றத்துச் சட்டப்பிரிவு அன்று, வக்கீல் வைத்துத் தப்பிக்கொள்வதற்கு. பகவான் பரிநிர்வாணம் அடையும் தறுவாயில் கடைசியாக வலியுறுத்தியது அப்பமாதத்தை, அஃதாவது சோர்வின்மையை. அதன் மறுதலை பமாதம். கொல்லவேண்டும் என்று எண்ணாமலே, பாராமுகத்தால், "பார்த்துக்கொள்ளலாம்" என்ற சோம்பலால் தீங்கை வளரவிடுதல் பமாதம். நாய்க்குப் பல் இருப்பது வினைப்பயன். அப்பல்லைத் தெருவில் அவிழ்த்துவிடுவது நம் செயல்.

நாளாகிரி என்னும் யானையின் வரலாற்றை விகாரையில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பகவானின் மைத்திரியால் மதயானை பணிந்த அற்புதத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு முன் நடந்ததைக் கவனியுங்கள். தேவதத்தன் பாகர்களிடம் போய்ப் பதவியும் கூலியும் உயர்த்தித் தருவதாக ஆசை காட்டுகிறான். (கூலி உயர்வு என்றால் பாகன் மட்டுமா மயங்குவான்? ஆலைத் தொழிலாளியாய் இருந்த நாம் அறிவோம்.) அவர்கள் யானைக்குக் கள்ளைக் குடம் குடமாக ஊற்றி, இராசகிருகத்து வீதியில் ஏவிவிடுகிறார்கள். வீதியில் பெண்டிரும் பிள்ளைகளும் சிதறி ஓடுகின்றனர். பகவான் அந்த யானையை வையவில்லை. அதன் நெற்றியைத் தடவினார். குற்றம் யானையினுடையது என்று நம் நூல்கள் ஓரிடத்திலும் கூறவில்லை. கட்டியவனும் ஊற்றியவனும் அவிழ்த்தவனுமே குற்றவாளிகள். நாயை ஓயாமல் கட்டிப்போட்டு, அடித்து, மனிதர் பழக்கமின்றி வளர்ப்பதும் ஒருவகைக் கள்ளூற்றலே. குட்டிப் பருவத்தில் பல மனிதரையும் பிள்ளைகளையும் கண்டு பழகாத நாய், பின்னர் அந்நியரைக் கண்டால் அஞ்சுகிறது. அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கிறது.

ஜாதகக் கதைகளுள் குக்குர ஜாதகம் என்று ஒன்று உண்டு. காசி மன்னன் தேரேறி உத்தியானவனம் சென்று பொழுது சாய்ந்து திரும்பினான். தேர்வார்களைக் கழற்றாமல் முற்றத்தில் விட்டார்கள். இரவு மழை பெய்து தோல் ஊறியது. மேல்மாடத்தில் வாழ்ந்த மன்னனின் உயர்சாதி நாய்கள் இறங்கிவந்து அவ்வார்களைத் தின்றுவிட்டன. ஏவலர்களோ, வெளிநாய்கள் சாக்கடைவழியே நுழைந்து தின்றன என்று விடியற்காலையில் அறிவித்தனர். கண்ட இடத்தில் நாய்களைக் கொல்லுக என மன்னன் ஆணையிட்டான். ஊர் நாய்கள் சுடுகாட்டுக்கு ஓடி, அங்கே நாயாய்ப் பிறந்திருந்த போதிசத்துவரிடம் முறையிட்டன. காவல் மிக்க அரண்மனைக்குள் வெளிநாய் புகுவது எங்ஙனம் என்று அவர் எண்ணிப் பார்த்தார். தனியே நடந்து மன்னனின் அறங்கூறவையத்தை அடைந்தார். எல்லா நாயையும் கொல்கிறாயா என்று கேட்டார். என் நாய்கள் நீங்கலாக என்றான் மன்னன். அப்படியாயின் விருப்பு, வெறுப்பு, அச்சம், மயக்கம் என்னும் நால்வகைத் தீநெறியில் நடக்கிறாய் என்று அவர் இடித்துரைத்து, மோரில் தருப்பைப் புல்லைக் கலந்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் சொன்னார். அவை தோல்துண்டுகளைக் கக்கின.

இக்கதை பழங்கதை அன்று. காலேஜ் சதுக்கத்தில் இருந்து சியால்தா நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வளாகத்தில் பதினாறு நாய்க்குட்டிகள் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தன. செவிலியர் பயிற்சி மாணவியர் இருவர் கைதாயினர். பெட்டைநாய்க்கு உரிய காலத்தில் கருத்தடை செய்யாதவர், குப்பையையும் எச்சிற்சோற்றையும் திறந்து வைத்தவர், இவர்களெல்லாம் எங்கோ இருக்க, செத்தவை குட்டிகள். நாயைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அச்சமும் நால்வகைத் தீநெறியுள் ஒன்று என்பதைப் போதிசத்துவர் மறக்கவில்லை.

அரசினரும் வழி தேடாமல் இல்லை. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பிட்புல், ராட்வைலர் முதலிய 23 சாதி நாய்களை இறக்குமதி செய்யவும் இனப்பெருக்கவும் விற்கவும் இடமளிக்கலாகாது என மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. கல்கத்தா உயர்நீதிமன்றம் அம்மாதமே அதன் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டே நான்கு சாதிகளைத் தடை செய்தனர். முப்பது ஆண்டு கழித்து வேறொரு சாதி கொல்லத் தொடங்கவே, 2023ஆம் ஆண்டின் இறுதியில் அதையும் பட்டியலில் சேர்த்தனர். பெரிய தாடையுள்ள நாயின் கடி பெரிது என்பது உண்மை. அத்தகைய நாயை மாடிவீட்டில் வளர்க்க வேண்டா என்பதே நம் கருத்து. ஆயினும் சாதியை மட்டும் பார்த்துக் குற்றம் தீர்க்கும் முறையை நம்மவர் எளிதில் ஒப்பலாகாது. பிறப்பை வைத்து நம்மையே தீர்ப்பிட்ட நாடு இது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கணக்கர் அந்நாயை வாங்கிய கேலிஃப் தெருச் சந்தையைப் பார்க்க விரும்பிப் பாக்பசார் பக்கம் சென்றோம். ஞாயிறுதோறும் கூடும் சந்தை. மீன், புறா, பூஞ்செடி, அவற்றினிடையே கூடைகளிலும் கூண்டுகளிலும் நாய்க்குட்டிகள். தாயின் பால் மறவாத குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாலிபர் ஒரு குட்டியைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, "இது பெரிதானால் பயங்கரமாக இருக்குமா?" என்று கேட்டதை உடன்வந்த அன்பர் பெயர்த்துச் சொன்னார். விற்பவர் உறுதியளித்தார். உயிர்களை விற்கும் வாணிகத்தை உபாசகன் செய்யத்தகாத ஐந்து வாணிகங்களுள் வைத்தார் பகவான். விற்பவன் அகலவேண்டும் எனின், பயங்கரத்தை விலைகொடுத்து வாங்குபவன் மட்டும் எங்ஙனம் தூயனாவான்?

இன்னொன்றும் கூறவேண்டும், சிலருக்குக் கசக்கும். "நாய் ஜாக்கிரதை" என்னும் பலகையை யார் படிக்கிறார்? வீட்டுக்காரரின் நண்பர் காரில் வந்து இறங்குவார். அவருக்காக நாயைக் கட்டுவார்கள். பால்காரர், தபால்காரர், குப்பை எடுப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், இவர்களே அப்பலகையைத் தாண்டுபவர்கள். 2024ஆம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியது, பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை. 1927ஆம் ஆண்டு மகாட் நகரில் பாபாசாகேப் அம்பேத்கர் நம்மவரை அழைத்துச் சென்ற குளம், விலங்குகள் குடிக்கலாம், நாம் தொடலாகாது என்றிருந்த குளம். பங்களா நாய்க்குப் பாலும் நமக்கு வெளிவாசலும் கண்ட நம் முன்னோர் நாயை வெறுத்ததில் வியப்பில்லை. இப்போது நம் பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெற்று மாடிவீடு கட்டுகிறார்கள். கட்டி முடிந்ததும் அதே பலகையை மாட்டுகிறார்கள். நம் வாசலைத் தாண்டி வருபவரும் ஏழையே என்பது மறந்துபோகிறது.

நாயை வளர்க்கலாகாது என்று நாம் கூறவில்லை. வளர்ப்பவர் செய்யவேண்டியது அதிகமும் இல்லை, அரிதும் இல்லை. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி. மாநகராட்சி உரிமம், கல்கத்தாவிலும் உண்டு, சென்னையிலும் உண்டு, கேட்பாரில்லை என்று விட்டுவிடுகிறோம். குட்டி வேண்டாவெனில் கருத்தடை. வெளியே செல்லும்போது கயிறும் வாய்க்கூடும். பகலில் நடை. பிள்ளைகளையும் நாயையும் தனியே விடாதிருத்தல். வளர்க்க முடியாமற்போனால் தெருவில் விடாமல், பொறுப்பேற்பவர் கையில் சேர்த்தல். விலங்கை அசட்டையாக வைத்து மனிதருக்கு ஆபத்து விளைவித்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டென்று பாரதீய நியாய சன்ஹிதையின் 291ஆம் பிரிவு கூறுகிறது. சிறைக்கு அஞ்சியேனும் செய்யட்டும்.

அந்தக் கணக்கரிடம் பிறகு நாம் கேட்டோம்: உமது மனைவி அந்த அம்மையாரிடம் என்ன கூறினார்? "வாலை மிதித்துவிட்டாள், அதனால்தான் கடித்தது" என்று கூறினாராம். மிதித்தாளா? சற்று நேரம் பேசாதிருந்து, "இல்லை ஐயா" என்றார். முதற்சீலத்தைப் பற்றிக் கேட்க வந்தவருக்கு உடைந்தது நான்காம் சீலம். ஒரு குழந்தையின் மேல் பழியைப் போட்ட பொய் அது. 1994இல் நாம் சொன்னதும் அதே வகைப் பொய்தான் என்று அவரிடம் கூறினோம்.

மறுநாள் விடியலில், நாம் சென்னை ரயிலைப் பிடிக்க ஹவுராவுக்குப் போக, அவர் சியால்தாவில் கேனிங் வண்டி ஏறினார். அந்த அம்மையார் நாள்தோறும் அவ்வண்டியில்தான் வேலைக்கு வருபவர். கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஊர்ப்பெயரை மட்டும் கையில் எழுதிக்கொண்டு, விசாரித்துப் போனாராம். குழந்தையின் புண்ணில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தார்கள். ஊசி போடவில்லை, போனால் ஒருநாள் கூலி போகும் என்று தாய் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்து, ஞாயிறன்று காய்ச்சலாய்ப் படுத்துவிட்டார். கணக்கர் புண்ணைச் சோப்பிட்டுக் கழுவச்செய்து, அன்றே கேனிங் அரசு மருத்துவமனைக்கு இருவரையும் அழைத்துச் சென்றார். வாலைப் பற்றிய பொய்யையும் தாயிடம் சொன்னாராம். அவர் ஒன்றும் பதில் பேசவில்லையாம்.

மூன்றாம் நாள் ஊசிக்கும் ஏழாம் நாள் ஊசிக்கும் தாமே சென்றதாகவும், அம்மையாருக்கு விடுபட்ட நாட்களின் கூலியைக் கொடுத்ததாகவும், இருபத்தெட்டாம் நாள் ஊசிக்கும் செல்வதாகவும் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். பால்கனியில் இருந்த நாயைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டு, மறுதபாலில் எழுதியிருக்கிறோம்.